புரூஸ் ஏம்ஸின் கட்டுரைப் பட்டியல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மருந்தியல் ஆசிரியர் ஒருவரின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் இந்தச் சொற்பொழிவில், நச்சியல் சார்ந்து ஏதேனும் பேசுங்கள் என்று அழைத்திருந்தார்கள். பூச்சிக்கொல்லி, காரீயம், உணவுக் கலப்படம் என்று பேசத்தக்கவை நிறைய உண்டு. நான் எடுத்துக்கொண்டது ஒரு நச்சியலாளரின் கட்டுரைப் பட்டியலை. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நியமனம், பதவி உயர்வு, ஆய்வு நிதி என்று எதற்காகக் குழு கூடினாலும் மேசைக்கு முதலில் வருபவை மூன்று எண்கள்: எத்தனை கட்டுரை, எத்தனை சைட்டேஷன் (மேற்கோள்), அவ்விரண்டையும் இணைக்கும் எச்-இன்டெக்ஸ் எவ்வளவு. அப்படிப்பட்ட குழுக்களில் நானும் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். அந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்ல அவற்றால் இயலாது என்பதை உண்மையான ஓர் ஆய்வாளரின் வாழ்நாள் பணியை வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்தது.

அந்த ஆய்வாளர் புரூஸ் ஏம்ஸ். 1928 டிசம்பரில் நியூயார்க்கில் பிறந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம், கால்டெக்கில் 1953இல் முனைவர் பட்டம், பிறகு அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள். 1960களின் இறுதியிலிருந்து கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம். 2024 அக்டோபரில், 95 வயதில் காலமானார். 550க்கு மேற்பட்ட கட்டுரைகள் அவர் பெயரில் உள்ளன. 1973 முதல் 1984 வரையிலான காலத்தில் எல்லாத் துறைகளையும் சேர்த்து அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட அறிவியலாளர்களில் 23ஆம் இடம் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. நச்சியல் போன்ற ஒரு துறையிலிருந்து ஒருவர் அந்த இடத்துக்கு வருவது சாதாரணமன்று. எண்களை நம்புகிறவர்கள் கொண்டாட வேண்டிய பெயர் இது. அதனால்தான் இவரை எடுத்துக்கொண்டேன். எண்ணிக்கை குறைந்தவர் ஒருவரைக் காட்டி எண்களைக் குறை சொல்வது எளிது. எண்கள் உச்சத்தில் வைத்த ஒருவரிடமே அவற்றின் எல்லையைப் பார்க்க வேண்டும்.

பட்டியலின் தொடக்கப் பக்கங்களில் நச்சு என்ற சொல்லே கிடையாது. 1950கள் முழுவதும் ஒரே கேள்வி: நுண்ணுயிர் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை எப்படித் தயாரிக்கிறது? சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொண்டு, அந்தத் தயாரிப்பின் ஒவ்வொரு படியிலும் எந்த நொதி வேலை செய்கிறது, அந்த நொதிகளின் உற்பத்தி ஒன்றாகக் கூடுவதும் குறைவதும் எப்படி என்று பார்த்தார். 1959இல் கேரி என்பவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை, நான்கு நொதிகள் ஒரே தாளத்தில் கட்டுப்படுத்தப்படுகின்றன என்று காட்டியது. மரபணுக் கட்டுப்பாட்டு ஆய்வின் முதல் வரிசையில் வைக்கத்தக்க வேலை. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பிலிப் ஹார்ட்மன் திரட்டி வைத்திருந்த சால்மொனெல்லாச் சடுதிமாற்ற வகைகள் இந்த வேலைக்கு அடித்தளம். ஹிஸ்டிடினைத் தானே தயாரிக்க முடியாமல் போன, ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் பழுதான வகைகள் அவை. அன்று ஒரு குழு ஏம்ஸை அழைத்து, இந்த ஆய்வால் சமூகத்துக்கு என்ன பயன் என்று கேட்டிருந்தால் அவரிடம் நேர்மையான பதில் எதுவும் இருந்திருக்காது.

1964ஆம் ஆண்டில் ஒரு நாள் உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டில் அச்சிட்டிருந்த சேர்க்கைப் பொருள்களின் பட்டியலைப் படித்தபோது, இந்த வேதிப்பொருள்கள் மனித மரபணுக்களைச் சிதைக்குமா என்ற கேள்வி தனக்கு எழுந்தது என்று ஏம்ஸ் சொல்லியிருக்கிறார். அந்தக் கேள்வி அந்நாளில் பலருக்கும் எழுந்திருக்கக்கூடும். விடை காண்பதற்கான பொருள் ஏற்கெனவே கையில் இருந்தது இவரிடம்தான்.

சோதனையின் அமைப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் வரும் எல்லாமே இதைச் சார்ந்திருக்கின்றன.

ஹிஸ்டிடின் தயாரிக்க இயலாத சால்மொனெல்லாவைக் கோடிக்கணக்கில் ஒரு பெட்ரி தட்டில் பரப்புகிறோம். தட்டில் ஹிஸ்டிடின் மிகச் சிறிதளவே உண்டு, ஓரிரு முறை பெருகுவதற்கு மட்டும் போதும். ஆகவே அவை வளராமல் நின்றுவிடும். இப்போது சந்தேகத்துக்குரிய வேதிப்பொருளைச் சேர்க்கிறோம். அது டிஎன்ஏவைத் தாக்கும் பொருளாக இருந்தால், கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் சிலவற்றில் பழைய பழுது தற்செயலாகச் சரியாகிவிடும். அப்படிச் சரியான ஒவ்வொன்றும் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் காலனி ஆகும். இரண்டு நாள் கழித்துக் காலனிகளை எண்ணி, வேதிப்பொருள் சேர்க்காத தட்டோடு ஒப்பிட வேண்டும். அவ்வளவுதான். எலிகளுக்கு ஊட்டிப் புற்றுநோய் வருகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு ஊட்டும் காலம் மட்டுமே இரண்டு ஆண்டு. இங்கே இரண்டு நாள்.

இதை நுட்பமாக்க ஏம்ஸ் செய்தது பாக்டீரியாவை வேண்டுமென்றே பலவீனப்படுத்தியது. வெளிச்சுவரைக் கசியவிடும் ஒரு மாற்றத்தைச் சேர்த்தார், பெரிய மூலக்கூறுகளும் உள்ளே போகட்டும் என்று. டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் அமைப்பில் ஒன்றை நீக்கினார். பின்னர் அவருடைய ஆய்வகத்தில் ஜாய்ஸ் மெக்கானின் வேலையால் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையம் ஒன்றும் சேர்ந்தது. டிஏ-98, டிஏ-100 என்று இன்றும் ஆய்வகங்களில் வழங்கும் ஸ்ட்ரெய்ன்கள் (பாக்டீரியா வகைகள்) அப்படி வந்தவை. ஆனாலும் ஒரு பெரிய தடை இருந்தது. பல வேதிப்பொருள்கள் உள்ளபடியே தீங்கற்றவை. உடலுக்குள் போய்க் கல்லீரல் அவற்றை மாற்றிய பிறகுதான் நஞ்சாகின்றன. பாக்டீரியாவுக்குக் கல்லீரல் ஏது? 1971இல் ஹைன்ரிக் மாலிங், கல்லீரல் அரைசலோடு சேர்த்தால் டைமீத்தைல்நைட்ரோசமைன் பாக்டீரியாவில் சடுதிமாற்றம் உண்டாக்குகிறது என்று காட்டினார். ஏம்ஸ் அந்த வழியைத் தன் தட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார். எலிக் கல்லீரலை அரைத்து, மையவிலக்கியில் சுற்றித் தெளியவைத்த எஸ்-9 என்ற பகுதியைப் பாக்டீரியாவோடு கலந்தார். 1973இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் ஐந்து பக்கக் கட்டுரை வந்தது. அஃப்ளடாக்சின், பென்சோபைரீன், பென்சிடின் உள்ளிட்ட 18 புற்றுநோய்க் காரணிகள் கல்லீரல் அரைசலால் வலிமையான சடுதிமாற்றக் காரணிகளாக மாறின. புற்றுநோய்க் காரணிகள் சடுதிமாற்றக் காரணிகளே என்பதைக் கட்டுரையின் தலைப்பாகவே வைத்துவிட்டார்கள்.

இந்தச் சோதனைக்கு ஏம்ஸ் காப்புரிமை வாங்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஸ்ட்ரெய்ன்களை அனுப்பினார். பல்கலைக்கழகம், அரசு ஆய்வகம், மருந்துக் கம்பெனி, சாயக் கம்பெனி என்று வேறுபாடு பார்க்கவில்லை. அந்தப் பாக்டீரியாக்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஆய்வகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. 1975இல் செய்முறையை முழுமையாக எழுதி மெக்கான், எடித் யமசாகி ஆகியோருடன் ‘மியூட்டேஷன் ரிசர்ச்’ இதழில் வெளியிட்டார். 1983இல் டோரதி மாரனுடன் அதன் திருத்திய வடிவம். அவருடைய மேற்கோள் எண்ணிக்கையைத் தூக்கி நிறுத்தியவற்றில் இந்த இரண்டு செய்முறைக் கட்டுரைகளும் முதன்மையானவை. பாக்டீரியா வாங்கிய ஒவ்வோர் ஆய்வகமும் தன் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் ஒரு வரி எழுதும்: ஏம்ஸ் குழுவினர் விவரித்த முறைப்படி. அந்த ஒரு வரி ஒரு மேற்கோள். காப்புரிமை வாங்கிப் பூட்டி வைத்திருந்தால் அந்த எண்ணிக்கையில் ஒரு பகுதிகூட வந்திருக்காது என்பது என் கணிப்பு. அதிக மேற்கோள் பெற வழி தேடும் மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஏம்ஸ் மேற்கோளுக்காக அதைச் செய்யவில்லை.

இங்கே மேற்கோளின் இயல்பைக் கவனிக்க வேண்டும். யூஜின் கார்ஃபீல்டு 1955இல் மேற்கோள் அட்டவணை என்ற எண்ணத்தை முன்வைத்தபோது, ஒரு கருத்து யாரால் ஏற்கப்பட்டது, யாரால் மறுக்கப்பட்டது என்று பின்தொடர ஆய்வாளருக்கு ஒரு தேடுகருவி வேண்டும் என்பதே நோக்கமாக இருந்தது. 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணை வந்தது. அது மனிதர்களை அளக்கும் கோலாக மாறியது பிறகு. 2005இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் எச்-இன்டெக்ஸைத் தந்தார். மேற்கோள் எண்ணிக்கையில் செய்முறைக் கட்டுரைகளே உயரத்தில் நிற்கும். உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது 1951இல் லௌரி குழுவினர் எழுதிய, புரதத்தை அளக்கும் முறை பற்றிய கட்டுரை. 2014இல் ‘நேச்சர்’ எண்ணிப் பார்த்தபோதே 3 லட்சத்தைத் தாண்டியிருந்தது. டிஎன்ஏவின் இரட்டைச் சுருளை அறிவித்த கட்டுரை அதிகம் மேற்கோள் பெற்ற முதல் நூறு கட்டுரைகளில் இடம்பெறவில்லை.

ஆக ஏம்ஸின் உயர்ந்த எண்ணிக்கை, அவர் தந்த கருவி எத்தனை கைகளுக்குப் போனது என்பதைச் சொல்கிறது. அது பெரிய செய்தி. ஆனால் கருவி சொன்ன முடிவு சரிதானா என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. 1975இல் மெக்கானும் மற்றவர்களும் 300 வேதிப்பொருள்களைச் சோதித்து வெளியிட்ட கட்டுரையைப் பாருங்கள். 174 புற்றுநோய்க் காரணிகளில் 156 இந்தச் சோதனையில் சிக்கின. கிட்டத்தட்ட 90 விழுக்காடு. உலகம் பரபரத்தது. 1987இல் டென்னன்ட் குழுவினர் அமெரிக்க தேசிய நச்சியல் திட்டத்தின் 73 வேதிப்பொருள்களை வைத்துப் பார்த்தார்கள். எலிச் சோதனையோடு ஒத்துப்போனது 60 விழுக்காட்டை ஒட்டியே. இரண்டு கட்டுரைகளும் பெரிதும் மேற்கோள் காட்டப்பட்டவை. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் வெற்றி. படித்துப் பார்ப்பவருக்குத்தான் காரணம் புரியும்: 1975 பட்டியலில் இருந்தவற்றில் பெரும்பாலானவை டிஎன்ஏவை நேரடியாகத் தாக்குபவை, பின்னர் சோதிக்கப்பட்டவற்றில் வேறு வழிகளில் புற்றுநோய் உண்டாக்குபவை ஏராளம். டிஎன்ஏவைத் தொடாத ஹார்மோன்களை இந்தத் தட்டு காட்டிக்கொடுக்காது. 90 என்ற எண் பொய்யன்று, அது எந்தப் பொருள்களுக்கு உரியது என்பதே கேள்வி.

இதே ஆண்டுகளில் நடந்த வேறொன்றை நான் மிகவும் மதிக்கிறேன். எழுபதுகளில் அமெரிக்கக் குழந்தைகளின் உறக்க உடைகள் எளிதில் தீப்பற்றாதிருக்க டிரிஸ் என்ற புரோமின் சேர்மத்தைத் துணியில் ஏற்றினார்கள். ஆர்லின் பிளமும் ஏம்ஸும் அதைச் சோதித்தார்கள். வலிமையான சடுதிமாற்றக் காரணி என்று தெரிந்தது. 1977 ஜனவரியில் ‘சயன்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தடை அறிவித்தது. வழக்குகள் நடந்தன, ஆனால் அந்தச் சேர்மம் குழந்தைகளின் உறக்க உடைகளிலிருந்து போய்விட்டது. அதன் இடத்தில் குளோரின் சேர்ந்த உறவுப்பொருள் ஒன்று வந்தபோது, எம். டி. கோல்டு, பிளம், ஏம்ஸ் மூவரும் 1978இல் அதையும் சோதித்து எழுதினார்கள். டிரிஸ் உடையணிந்த குழந்தைகளின் சிறுநீரில் அதன் சிதைவுப்பொருள் இருப்பதையும் அதே ஆண்டில் காட்டினார்கள்.

ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையே எத்தனை மேற்கோள் வந்திருக்கும்? ஒரு கட்டுரையைப் படித்து, ஆய்வு செய்து, எழுதி, மதிப்பீட்டாளர்களைக் கடந்து அச்சாக ஓராண்டுக்கு மேல் ஆகும். அந்தக் கட்டுரை தன் தலையாய வேலையை முடித்தபோது மேற்கோள் கணக்கில் அது பெரும்பாலும் வெற்றிடமாகவே இருந்திருக்கும். ஜப்பானில் நடந்ததும் இதற்கு நிகர். ஏஎஃப்-2 என்ற பதப்படுத்தியை 1965 முதல் டோஃபுவிலும் மீன் சாசேஜிலும் சேர்த்துவந்தார்கள். பாக்டீரியாவில் அது சடுதிமாற்றம் உண்டாக்குவது தெரிந்தது. 1974இல் தடை செய்தார்கள். நச்சியலின் பயன் ஒரு பொருள் கடைத்தெருவிலிருந்து காணாமல் போவதில் இருக்கிறது. காணாமல் போன பொருளை எந்த அட்டவணையில் எண்ணுவது? டிரிஸ் ஏற்றிய உடையை அணியாமல் வளர்ந்த குழந்தை தன் வாழ்நாளில் அதை அறியப்போவதில்லை.

இனி பட்டியலின் நடுப்பகுதி. இங்கே கொஞ்சம் மெதுவாகப் போக வேண்டும், ஏனென்றால் இதைச் சொல்லாமல் ஏம்ஸைப் புகழ்வது முறையாகாது.

1975இல் தலைமுடிச் சாயங்களைச் சோதித்து 169இல் 150 சடுதிமாற்றக் காரணிகள் என்று எழுதியவர், சுற்றுச்சூழல் இயக்கத்தாரின் நாயகனாக இருந்தவர், எண்பதுகளில் வேறு திசையில் எழுதத் தொடங்கினார். 1983இல் ‘சயன்ஸ்’ இதழில், நாம் உண்ணும் காய்கறிகளிலேயே இயற்கையான சடுதிமாற்றக் காரணிகளும் புற்றுநோய்க் காரணிகளும் மலிந்திருக்கின்றன என்று காட்டினார். 1987இல் மேகா, லோயிஸ் கோல்டு ஆகியோருடன் ஆபத்துகளைத் தரவரிசைப்படுத்தினார். 1990இல் வந்த கட்டுரை, அமெரிக்கர் உண்ணும் பூச்சிக்கொல்லிகளில் எடையளவில் 99.99 விழுக்காடு செடிகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே உண்டாக்கும் இயற்கைப் பொருள்கள் என்றது. நாளொன்றுக்கு ஒருவர் இயற்கைப் பூச்சிக்கொல்லிகளை ஏறத்தாழ 1.5 கிராம் உண்கிறார். செயற்கை எச்சம் 0.09 மில்லிகிராம். விலங்குகளில் உயர்ந்த அளவில் சோதிக்கப்பட்ட 52 இயற்கைப் பொருள்களில் 27 புற்றுநோய் உண்டாக்கின. அப்படியானால் உயர்ந்த அளவில் ஊட்டும் எலிச் சோதனையே நம்மைத் தவறாக வழிநடத்துகிறது, அளவுக்கு மீறி ஊட்டும்போது செல்கள் சேதமுற்றுப் பெருகுவதே புற்றுநோய்க்குக் காரணம், சிறு எச்சங்களைப் பற்றி நாம் தேவைக்கு மேல் அஞ்சுகிறோம் என்பது வாதம்.

இந்தக் கட்டுரைகளை எல்லாத் தரப்பும் எடுத்துக்காட்டியது. பூச்சிக்கொல்லித் தொழில்துறைக்குக் கேடயம் கிடைத்தது. எதிர்த்தவர்கள் மறுப்பதற்காக எடுத்துக்காட்டினார்கள். மேற்கோள் அட்டவணைக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஆதரவு ஒன்று, மறுப்பு ஒன்று, இரண்டும் சேர்ந்தால் இரண்டு. என் சொந்தக் கருத்தையும் சொல்ல வேண்டும். அளவைக் கணக்கில் கொள்ளாமல் பெயரைக் கேட்டதும் அஞ்சுவது அறிவியலாகாது என்ற ஏம்ஸின் வாதம் சரி. செடியில் உண்டானதால் நல்லது, தொழிற்சாலையில் உண்டானதால் கெட்டது என்ற பிரிவினை உடைந்ததும் நல்லதே. ஆனால் அந்தக் கணக்கு தட்டில் உணவை வைத்து உண்பவருக்கான கணக்கு. முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு முகமூடியில்லாமல் வயலில் நடப்பவருக்கான கணக்கு அதில் இல்லை. தஞ்சையிலும் திண்டுக்கல்லிலும் அந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு 0.09 மில்லிகிராம் என்ற எண்ணைக் காட்டி ஆறுதல் சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. 1990 கட்டுரையை அப்படிப் பயன்படுத்தியவர்கள் அதை மேற்கோள் காட்டினார்களே தவிர அதன் எல்லைக்குள் நிற்கவில்லை.

பட்டியலின் கடைசிப் பகுதியை விரைந்து கடக்கிறேன். 1993இல் ஷிகெனாகா, ஹேகன் ஆகியோருடன் ஆக்சிஜனேற்றமும் முதுமை நோய்களும் பற்றி எழுதிய மதிப்புரை மிகப் பெரிய மேற்கோள் எண்ணிக்கை பெற்றது. நச்சியலுக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் பெரும்பாலும் அதன் வழியாகவே அறிந்தார்கள். 2006இல் நுண்ணூட்டம் பற்றிய ஒரு கோட்பாடு. எண்பது வயதைக் கடந்தும் எழுதினார்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் செய்தி. ஏம்ஸ் சோதனை இன்றும் பரவலாகச் செய்யப்படுகிறது. ஓஈசிடி என்ற பன்னாட்டு அமைப்பு அதை 471ஆம் வழிகாட்டு நெறியாக 1983இல் ஏற்றது, 1997இல் திருத்தியது. குறைந்தது ஐந்து ஸ்ட்ரெய்ன்களில் சோதிக்க வேண்டும் என்கிறது அந்நெறி. புதிய மருந்து, புதிய பூச்சிக்கொல்லி எதுவாயினும் உரிமம் கேட்பவர் இந்தச் சோதனையின் முடிவைத் தர வேண்டும். நம் நாட்டின் 2019ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளும் பாக்டீரியாவில் மரபணுச் சடுதிமாற்றச் சோதனையைக் கேட்கின்றன. ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் சென்னையிலும் இதை அன்றாட வேலையாகச் செய்யும் ஆய்வகங்கள் உண்டு. அவர்களின் அறிக்கைகள் ஒழுங்காற்று அலுவலகங்களுக்குப் போகின்றன, ஆய்விதழ்களுக்கு வருவதில்லை. வந்தாலும் குறிப்பிடப்படுவது 471 என்ற எண், 1973 கட்டுரை அல்ல. ஒரு கண்டுபிடிப்பு முழுமையாக எல்லோருக்கும் சொந்தமானதும் அதைக் கண்டவரைக் குறிப்பிடும் வழக்கம் நின்றுபோகிறது என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968லேயே கவனித்துச் சொன்னார். நம் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1963இல் ஜி. என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் தந்த வரைபடத்தை எண்ணிப் பாருங்கள். புரத அமைப்பைத் தீர்க்கும் ஒவ்வொருவரும் அதில் வைத்துச் சரிபார்க்கிறார். ‘இராமச்சந்திரன் வரைபடம்’ என்ற பெயர் கட்டுரையில் இருக்கும்; 1963 கட்டுரை மேற்கோள் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. ஒருவர் முழு வெற்றி பெறும்போது மேற்கோள் எண்ணிக்கை அவரைக் கைவிடுகிறது. அந்த எண்ணிக்கையை வெற்றியின் அளவுகோலாக வைத்திருக்கும் நாம் இதற்கு என்ன சொல்லப் போகிறோம்?

அண்மையில் இன்னொரு மாற்றமும் நேர்ந்திருக்கிறது. மருந்துகளில் கலந்திருக்கும் மிகச் சிறிய அசுத்தங்களைப் பற்றிய பன்னாட்டு நெறி 2014இல் வந்தது. ஓர் அசுத்தம் பாக்டீரியாவில் சடுதிமாற்றம் உண்டாக்குமா என்பதை முதலில் கணினி மென்பொருள்களைக் கொண்டு கணிக்கலாம் என்றது. அந்த மென்பொருள்கள் எதிலிருந்து கற்றன? ஐம்பது ஆண்டுகளாக உலகெங்கும் எண்ணப்பட்ட காலனிகளிலிருந்து. 2018இல் வால்சார்டன் என்ற இரத்த அழுத்த மாத்திரையில் நைட்ரோசமைன் அகப்பட்டதும், வழக்கமான செய்முறை அந்தக் குடும்பத்தைச் சரியாகப் பிடிக்கிறதா என்ற கேள்வி மறுபடி எழுந்தது. எலிக் கல்லீரலோடு ஹாம்ஸ்டர் கல்லீரலையும் கூடுதல் அளவில் சேர்க்கும் மேம்பட்ட செய்முறையை ஒழுங்காற்று அமைப்புகள் இப்போது கேட்கின்றன. மாலிங் 1971இல் தொடங்கிய இடமும் நைட்ரோசமைன்தான். அந்தப் பழைய கட்டுரைகளைத் திறந்து படிக்க வேண்டிய தேவை இன்று மருந்து ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறது.

இன்னொரு பெயரையும் இந்த அவையில் சொல்லிவிட விரும்புகிறேன். 1973 கட்டுரை, 1975 செய்முறைக் கட்டுரை, 300 வேதிப்பொருள் கட்டுரை, தலைமுடிச் சாயக் கட்டுரை ஆகிய நான்கின் ஆசிரியர் வரிசையையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஏம்ஸைத் தவிர நான்கிலும் வருகிற ஒரே பெயர் எடித் யமசாகி. நான்கில் எதிலும் முதல் இடத்தில் இல்லை. சோதனைக்கு வழங்கும் பெயரில் அவர் இல்லை. ஆயிரக்கணக்கான தட்டுகளில் காலனிகளை எண்ணியவர்களுக்கு எந்த எச்-இன்டெக்ஸும் நியாயம் செய்யாது. நம் ஆய்வகங்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இந்த அரங்கிலேயே சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம் நாட்டு நிலைக்கு வருகிறேன். 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு, முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தருமுன் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்று விதித்தது. நல்ல நோக்கம். விளைவாகக் காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகின. அவற்றைத் தடுக்க 2019இல் ஏற்கத்தக்க இதழ்களின் கேர் பட்டியல் வந்தது. 2022 நவம்பரில் அந்தக் கட்டாயமே விதியிலிருந்து எடுக்கப்பட்டது. 2025இல் கேர் பட்டியலும் கைவிடப்பட்டது. எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கை வரும் என்பதைப் பதினாறு ஆண்டு நேரில் பார்த்துவிட்டோம். 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான அறிவிப்பு, இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்துத் தனிமனிதரை மதிப்பிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. 2015இல் வந்த லைடன் அறிக்கை, எண்கள் வல்லுநரின் தீர்ப்புக்குத் துணைநிற்கலாம், அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்றது. இரண்டையும் நாம் பாராட்டுகிறோம். பிறகு குழுவில் உட்கார்ந்ததும் மேற்கோள் எண்ணிக்கை காட்டும் ஸ்கோபஸ் பக்கத்தைத் திறக்கிறோம்.

இந்தத் துறையிடமும், இந்தத் துறையிலிருந்து குழுக்களுக்குப் போகும் ஆசிரியர்களிடமும் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். விண்ணப்பிப்பவரிடம் முழுப் பட்டியலைக் கேளுங்கள், ஆனால் அவரே சிறந்தவை என்று கருதும் ஐந்து கட்டுரைகளையும் கேளுங்கள். குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் அவற்றில் ஒன்றையாவது முழுமையாகப் படித்துவிட்டு வரட்டும். ஏம்ஸின் 1973 கட்டுரை ஐந்து பக்கம்தான். அடுத்தது, அதிக மேற்கோள் பெற்ற கட்டுரையை எடுத்து, அதை மேற்கோள் காட்டிய பத்துக் கட்டுரைகளைத் திறந்து, எதற்காகக் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள்: செய்முறைக்காகவா, ஆதரித்தா, மறுத்தா, வெறும் வழக்கத்துக்காகவா. ஒரு மாலை நேரம் போதும். மூன்றாவது, விண்ணப்பப் படிவத்தில் ஒரு புதிய கட்டம் வேண்டும். உங்கள் ஆய்வகத்திலிருந்து பாக்டீரியாவோ செல்லோ தரவோ நிரலோ கேட்டவர்கள் யார், யாருக்குக் கொடுத்தீர்கள், அவர்கள் அதைக் கொண்டு என்ன செய்தார்கள்? அதே கட்டத்தில், உங்களோடு வேலை செய்தவர்களில் கட்டுரையில் பெயர் வராதவர் யார் என்றும் எழுதச் சொல்லுங்கள். வரும் கல்வியாண்டின் நியமனங்களிலேயே இதைத் தொடங்கலாம்; இதற்கு எந்த ஆணையும் எங்கிருந்தும் வரவேண்டியதில்லை.